தாழ்ப்பாள் கழற்ற வந்த ஏட்டய்யா

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் அதில் இன்னும் நாலு சேர்ந்திருக்கும். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் குளிக்கப் போனேன், பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்தேன். அவ்வளவு அழுக்கான ஆள் இல்லை நான். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், குளித்தேன், திறக்கப் போனேன், தாழ்ப்பாள் அசையவில்லை. அறுபத்திரண்டு வயதில், சரவணம்பட்டியில், என் சொந்தக் கட்டடத்தில், நான் பக்கத்திலேயே நின்று கட்டவைத்த குளியலறையில், இடுப்பில் ஒரு துண்டோடு சிறைப்பட்டேன். வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. மகள் பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கிறாள். யார் கதவைத் திறந்து என் அழகைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து தாழ் போட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை. ஒரு பல்லி இருந்தது. அதுவும் எனக்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

பித்தளைத் தாழ்ப்பாள் அது. வீடு கட்டும்போது மனைவி டவுன்ஹால் பக்கம் நாலு கடை ஏறி இறங்கிப் பொறுக்கி எடுத்தது. "ஆயுசுக்கும் வருங்க" என்று கடைக்காரர் சொன்னார். அவளுடைய ஆயுசுக்கு வந்துவிட்டது. என் ஆயுசை அன்றைக்கே முடித்து வைக்கப் பார்த்தது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டடத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் பதினாறு அறைகளிலும் குளியலறைத் தாழ்ப்பாளே இல்லாமல் பண்ணினவன் நான்தான். பழைய பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் பதினாறும் கிடக்கின்றன. பதினேழாவதை மட்டும் விட்டு வைத்திருந்தேன். வெளியே வந்த கதை பின்னால் வரட்டும். அந்த நாலு மணி நேரமும் என் மண்டைக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். எங்கள் ஸ்டேஷன் ஏட்டய்யா.

அவரை முதலில் பார்த்தது ஒரு கல்யாண மண்டபத்தில். கல்யாணம் இல்லை, எங்கள் பகுதியில் அறை வாடகைக்கு விடுகிற கட்டடக்காரர்களைப் போலீஸ் கூப்பிட்டிருந்தது. ஐடி கம்பெனிகளும் கல்லூரிகளும் வந்த பிறகு சோளக்காட்டிலெல்லாம் மூன்று மாடி எழுப்பி, விவசாயி என்ற பெயரை விட்டுவிட்டு 'ஹவுஸ் ஓனர் அங்கிள்' ஆனவர்கள் நாங்கள். டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்து, ரூமில் ஊசி போடுகிறவன், மாத்திரை போடுகிறவன் இருப்பது தெரிந்தால் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைக்காதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள், விற்கிறவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், போட்டுக்கொள்கிறவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்க்கலாம், கேஸ் என்று பயப்பட வேண்டாம் என்றார். நல்ல பேச்சு. ஆனால் நாக்கில் சனி வைத்துப் பிறந்தவன் நான். எழுந்து நின்று, "ஏனுங்க, பஜ்ஜிக்கு அடிமையானவங்களுக்கும் அங்க வைத்தியம் பாப்பாங்களா?" என்று கேட்டேன். மண்டபமே சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்தார். தூண் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒல்லியான ஆள், நரைத்த மீசை, காலில் பாலிஷ் போட்ட பழைய ஷூ. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்தது போலப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் என் வாசலில் நின்றார். யூனிபார்ம் இல்லை. கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். போலீஸ் வண்டி ஒரு வீட்டு முன்னால் நின்றால் அந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு யாரும் ஜாதகம் கேட்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் இந்த வேலைக்கு மட்டும் சொந்தக்காரர் மாதிரிதான் வருவார். "பாத்ரூம் எத்தன?" என்றார். பதினாறு என்றேன். "உள்தாழ் எல்லாத்தையும் கழட்டணும். ஒரு கொக்கி போதும். வெளியிலருந்து ஸ்கேலை உட்டா தூக்கற மாதிரி." ஏன் என்று கேட்டேன். அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். "ஊசி போடறவன் கட்டல்ல உக்காந்து போடமாட்டானுங்க. பாத்ரூமுக்குள்ள போயி தாழ் போட்டுட்டுத்தான் போடுவான். அளவு மிஞ்சி உளுந்தா மூச்சு நிக்கக் கொஞ்ச நேரந்தான். கதவ ஒடைக்கறக்குள்ள முடிஞ்சுபோயிருமுங்க."

இதைக் கேட்டவன் என்ன செய்யவேண்டும்? நான் சொன்னது இது: "ஏனுங்க ஏட்டய்யா, களவாணியப் புடிக்கற வேலைய உட்டுப்போட்டு ஆசாரி வேலைக்கு வந்துட்டீங்களாக்கு?" அவர் தரைத்தளத்து நாலு அறையிலும் உட்கார்ந்து கழற்றினார். அதற்குள் கோயில் திருவிழா பந்தோபஸ்துக்கு அழைப்பு வந்தது. ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்து, "மிச்சத்த நீங்க கழட்டிப்போடுங்க" என்றார். நாளைக்கே என்றேன். அந்த ஸ்க்ரூ டிரைவர் இரண்டு மாதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. ஆசாரி வேலைக்கு வந்த ஏட்டய்யா கதையை மட்டும் பேக்கரியில் டீ குடிக்கும்போது இருபது தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சிரித்தார்கள்.

இரண்டாம் மாடி மூலை ரூமில் ஒரு தம்பி இருந்தார். மேட்டுப்பாளையத்துக்காரர், அப்பா பாக்கு மண்டி வைத்திருந்தார். இருபத்தாறு வயது, நல்ல கம்பெனி. சத்தம் போட்டுப் பேசிக் கேட்டதில்லை. மகளோடு வீடியோவில் பேசும்போது என் நெற்றி மட்டும் தெரிகிற மாதிரிதான் நான் போனைப் பிடிப்பேன். அவர்தான் ஒரு நாள் இறங்கி வந்து போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்து, "இப்ப முழு மூஞ்சியும் தெரியுதுங்க" என்றார். "அப்பறம் எம் பொண்ணு பயந்துக்கும் தம்பி" என்றேன். சத்தமில்லாமல் சிரித்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கூப்பிடும் நேரத்துக்கு வந்து பாட்டிலைச் சரி செய்துவிட்டுப் போவார். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார். மரியாதையான பையன் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. மகளோடு என் நெற்றிதான் பேசி முடித்தது. காலை பதினொரு மணி இருக்கும். மூலை ரூம் குழாய் ரொம்ப நேரமாக ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கருமி. மேலே போனேன். அறைக்கதவு சும்மா சாத்தியிருந்தது, குளியலறை உள்ளே தாழ். எங்கள் பக்கத்து மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அது அன்றைக்கு என்னோடு படியேறி வந்துவிட்டது. ஒற்றை விரலால் தட்டி, "ஏனுங் தம்பி, குளிச்சிட்டு இருக்கீங்களா?" என்றேன். பதில் இல்லை. "சரிங், மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்தேன். வந்து, சுட்டு வைத்திருந்த இரண்டு தோசையைச் சட்னியோடு சாப்பிட்டேன். குழாய் நிற்கவில்லை. இப்போது கொஞ்சம் கோபம் வந்தது. அப்போதும் போய்க் கதவை இடிக்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அந்த மாடிக்குப் போகிற வால்வை மூடினேன். சோப்புப் போட்டவன் கத்தட்டும் என்று ஒரு குறும்பு. மூடிய உடனே மூன்று கதவு திறந்தது, மூன்று தலை வெளியே வந்தது, "அங்கிள், தண்ணி!" என்றது. மூலை ரூமிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த குறும்பு ஒன்றுக்குக்கூட அப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை.

ஏட்டய்யாவைக் கூப்பிட்டேன். "ஒடைங்க. வாரேன்" என்றார். நானும் மாடியிலிருந்த மூன்று பேரும் தோளால் மோதிக்கொண்டிருந்தோம். நல்ல கதவாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். அவர் வந்ததும் எங்களை விலக்கிவிட்டு, தாழ்ப்பாள் இருக்கும் உயரத்தில் ஷூக்காலால் ஒரே உதை விட்டார். தம்பி சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. முழுக்கைச் சட்டையின் ஒரு கை மேலே ஏறியிருந்தது. அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். ஏட்டய்யா மண்டிபோட்டு, அவர் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதினார். ஆம்புலன்ஸ் வருகிறவரை நிறுத்தவில்லை. நடுவில் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்து, "தட்டி எத்தன நேரம் ஆச்சு?" என்றார். அஞ்சு நிமிஷம் என்றேன். இருபது. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். இருபது நிமிஷமும் இரண்டு தோசையும்.

பிழைத்தார். அன்று மாலையே உட்கார்ந்து மீதிப் பன்னிரண்டு தாழ்ப்பாளையும் கழற்றினேன். உள்ளங்கை கொப்பளித்துப்போனது. அதை யாரிடமும் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மறுநாள் தம்பியின் அப்பா வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னையும் ஏட்டய்யாவையும் கும்பிட்டார். "பெரிய உதவி பண்ணிப்போட்டீங்க" என்றார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே, "இப்போதைக்கு ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போக முடியாதுங்க. இவன் தங்கச்சிக்கு ஜாதகம் எடுத்திருக்குதுங்க. ஊர்ல என்னன்னு சொல்றதுங்க? நீங்களே கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். பெற்ற மகனை விட்டுவிட்டுப் போகும்போதுகூட ஒரு இடத்திலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மரியாதையாகத் தட்டிவிட்டு இறங்கி வந்தவன் நான்.

பிறகு நடந்ததெல்லாம் ஏட்டய்யாவின் வேலை. வியாழக்கிழமைதோறும் கட்டம் போட்ட சட்டையில் வருவார், தம்பியை பைக்கில் உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரியின் போதை மீட்புப் பிரிவுக்குக் கூட்டிப்போவார். சீட்டு எழுதுகிற இடத்தில் உறவு என்ன என்று கேட்டால் சித்தப்பா என்பார். டாக்டர் பேசி முடிக்கிறவரை வெளியே பெஞ்சில் இருப்பார். திரும்பும்போது பேக்கரியில் இரண்டு தேங்காய் பன் வாங்குவார். ஒன்று தம்பிக்கு, ஒன்று எனக்கு. எனக்கு எதற்கு என்று கேட்டால் பைக்கைக் கிளப்பிவிடுவார்.

இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தார். தம்பியைப் போல அவர் பார்வையில் இருக்கிறவர்கள் எல்லோரும் காலை ஏழு மணிக்கு அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். பேச வேண்டாம், அவரும் எடுக்க மாட்டார். மணி அடித்தால் ஆள் உயிரோடு இருக்கிறான், விழித்திருக்கிறான். ஏழே காலுக்குள் வராவிட்டால் பைக்கை எடுத்துவிடுவார். ஒரு நாள் அந்த நேரத்தில் பேக்கரியில் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். போன் சட்டைப்பையில் அடித்து அடித்து நின்றது. டீயை ஆற்றிக்கொண்டே மனதுக்குள் எண்ணினார் போல; கடைசியாக ஒன்று அடித்து நின்ற பிறகுதான் வாயில் வைத்தார். "காலங்காத்தால இத்தன பொம்பளைங்களா ஏட்டய்யா?" என்றேன். டீக்காரர் சிரித்தார். ஏட்டய்யா டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

என் நாக்கு செய்த பெரிய காரியம் பொங்கலன்று. ஊருக்குப் போகாத ஏழெட்டுப் பேரை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டுப் பொங்கல் வைத்தேன். தம்பியும் வந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அன்றைக்கு அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைக்கவில்லை. எல்லோரும் கலகலப்பாக இருந்தார்கள். பாத்ரூமில் ஏன் அங்கிள் தாழ்ப்பாளே இல்லை என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார். வாயை மூடியிருக்கலாம். "மூலை ரூம் தம்பியத்தான் கேக்கணும். ஏட்டய்யா உதைச்ச உதையில பதினாறு தாழும் பயந்து ஓடிப்போச்சு!" என்றேன். விஷயம் தெரிந்த மூன்று பேர் சிரித்தார்கள், தெரியாதவர்கள் என்னவென்று கேட்டார்கள், தெரிந்தவர்கள் காதில் சொன்னார்கள். பார்வைகள் அந்த அரைக்கைச் சட்டைக்குப் போயின. தம்பியும் சிரித்தார். இலையை மடித்துப் போட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, "நல்லா இருந்துச்சுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு ஏட்டய்யா என் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மூலை ரூம் காலியாக இருந்தது. சாவி கட்டில்மேல் இருந்தது. "என்ன சொன்னீங்க?" என்றார், நான்தான் ஏதோ சொல்லியிருப்பேன் என்பது அவருக்கு எப்படித் தெரியுமோ. சொன்னேன். குளியலறைக் கதவின் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அதையும் ஒரு கதையாக்கிப் பேக்கரியில் சொல்லித் தீர்த்திருப்பேன். அதற்கு அவர் வழி வைக்கவில்லை.

பதினொரு நாள் மிஸ்டு கால் வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் காலை ஏழு மணிக்கு நான் பேக்கரியில் அவர் எதிரே நின்றேன். அவர் என்னிடம் பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், மேட்டுப்பாளையம் மண்டி என்று எல்லா இடமும் தேடிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் போன் முந்தின நாள்களைவிட ஒரு தடவை அதிகமாக அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தார். "வந்துச்சு" என்றார். எங்கிருந்து என்று கேட்டேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தம்பி எந்த ஊரில் இருக்கிறார் என்பதை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. சொல்லாதது சரிதான்; தெரிந்தால் மன்னிப்புக் கேட்கிறேன் என்று போய் அங்கேயும் ஏதாவது சொல்லி வைப்பேன்.

ஏட்டய்யா ஓய்வு பெற்று தொண்டாமுத்தூர்ப் பக்கம் தன் தென்னந்தோப்புக்குப் போய்விட்டார். தோப்புக்கு யானை வருகிறதாம். மிஸ்டு கால்கள் இப்போதும் வருகின்றன. ஸ்டேஷனிலிருந்துதான் ஓய்வு, அதிலிருந்து இல்லை. ஏழே காலுக்கு வராத நம்பர் இருந்தால் அந்தந்த ஏரியாவின் புது ஏட்டைக் கூப்பிட்டு எழுப்புகிறாராம். மாதத்துக்கு ஒரு தடவை நான் கூப்பிடுவேன். மூலை ரூம் தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். "வருது" என்பார். நல்லா இருக்கிறான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வைத்துவிடுவார். மூலை ரூமுக்கு இப்போது வேறு ஆள். போன் ஊறுகாய் பாட்டிலில்தான் சாய்ந்திருக்கிறது. கோணம் சரியில்லை, மகள் என் மோவாயோடு பேசுகிறாள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். உள்ளே மாட்டிய முதல் ஒரு மணி நேரம் கத்தினேன். மாடியில் எல்லோரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள். போன் கட்டில்மேல் இருந்தது. யாரும் அதைக் கூப்பிடவும் இல்லை, மணி அடித்திருந்தால் கேட்டிருக்கும். தோளால் மோதினேன். கதவைவிட என் தோள் பழையது. ஈரத் தரையில் உட்கார்ந்து, நான் இன்றைக்கு இங்கேயே முடிந்துபோனால் எப்போது தெரியவரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மகள் கூப்பிட ஞாயிற்றுக்கிழமை ஆகும். வாடகை கொடுக்க ஒன்றாம் தேதிதான் இறங்கி வருவார்கள். அதற்குள் யாராவது வந்து ஒற்றை விரலால் தட்டி, "அங்கிள், குளிக்கறீங்களா, சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்போதுதான் அந்த வால்வு ஞாபகம் வந்தது. குழாய், ஷவர், பக்கெட் குழாய் மூன்றையும் முழுக்கத் திறந்துவிட்டேன். ஒன்பது மணிக்கு மோட்டார் போடுகிறவன் நான். நான் உள்ளே இருந்ததால் அன்று மோட்டார் ஓடவில்லை. நான் கருமித்தனமாகச் சேர்த்து வைத்த தொட்டித் தண்ணீரெல்லாம் என் காலடியில் ஓடிப் போனது. பதினொன்றே முக்காலுக்குத் தொட்டி காலி. மாடியில் ஒரு கதவு திறந்தது. "அங்கிள், தண்ணி!" என்று ஒருவர் தலை முழுக்க சோப்பு நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு, படியைத் தடவித் தடவி இறங்கி வந்தார். உள்ளிருந்து நான் கத்தியதைக் கேட்டு அவர் உதைத்த உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து பறந்தது. "யாருமே மோட்டார் போடலீங்களா அங்கிள்?" என்றுதான் முதலில் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கண்ணில் சோப்பு.

அன்று மதியம் வளைந்துபோன பித்தளைத் தாழ்ப்பாளை மேசைமேல் வைத்துக்கொண்டு ஏட்டய்யாவைக் கூப்பிட்டேன். தம்பியைக் கேட்டேன். "வருது" என்றார். வைத்துவிடுவதற்குள் என் கதையை ஆரம்பித்தேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்: பல்லி, துண்டு, தொட்டி, நுரைத் தலை எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் தென்னை ஓலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தன நேரம் உள்ள இருந்தீங்க?" என்றார்.

"நாலு மணி நேரமுங்க." இந்தத் தடவை குறைத்துச் சொல்லவில்லை.

"ஆரு தேடுனாங்க?"

"தண்ணியத் தேடுனாங்க ஏட்டய்யா" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன். என் சிரிப்பு முடிகிறவரை அவர் காத்திருந்தார். அது முடியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நாளையிலருந்து ஏழு மணிக்கு நீங்களும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."